முள்ளிப்பட்டுத் தறிக்கும் லினக்ஸுக்கும் என்ன உறவு, தெரியுமா?

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் நெய்யும் ஒரு பட்டுச் சேலைக்குப் பின்னால் எத்தனை ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்துச் சரக்கு! ஜரிகை சூரத்திலிருந்து! சாயம் ஏறுவது ஒரு பட்டறையில், பாவு ஓடுவது ஒரு தெருவில், நெசவு இன்னொருவர் வீட்டில்! சூரத்தில் ஜரிகை இழுத்தவரும் இங்கே நாடா தள்ளுகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. ஆனாலும் கரையும் உடலும் இழை பிசகாமல் பொருந்துகின்றன! சாஃப்ட்வேர் கம்பெனிகள் இதைத்தான் ‘ரிமோட் டீம்’ என்கின்றன. அதுவும் ஏதோ நேற்று கண்டுபிடித்தது போல!

தறிக்கு மேலே சங்கிலி சங்கிலியாகத் தொங்கும் துளை போட்ட அட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? துளை இருந்தால் இழை மேலே போகும், இல்லையென்றால் போகாது. அவ்வளவுதான் சூட்சுமம்! பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பின்னாளில், 1839-ல், அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்கு எத்தனை அட்டைகள் தேவைப்பட்டன, தெரியுமா? 24,000! கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கிவந்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார்!

அதோடு முடியவில்லை! 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளை அட்டையிலேயே எண்ணி முடித்தார். 1928-ல் ஐபிஎம் ஓர் அட்டைக்கு 80 பத்திகள் என்று வைத்தது. அட்டை போய் எவ்வளவோ காலம் ஆகிறது. ஆனால் பைத்தான் மொழியின் எழுத்து விதி இன்றைக்கும் என்ன சொல்கிறது? ஒரு வரியில் 79 எழுத்துக்கு மேல் வேண்டாமாம்! பெங்களூரில் ஒருவர், பெர்லினில் ஒருவர் உட்கார்ந்து ஒரே நிரலை எழுதும்போது, தறி அட்டையின் வாரிசு இருவர் திரையிலும் கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறது!

சரி, ஊர் ஊராக உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதும் நிரல் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாதா? சிக்கிக்கொள்ளும் நிலை வந்தது! 1991-ல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு 2005-ல் பெரிய நெருக்கடி. எல்லோருடைய நிரலையும் சேர்த்துவைக்கப் பயன்பட்ட மென்பொருளை இனி இலவசமாகத் தர முடியாது என்று அதன் உரிமையாளர்கள் சொல்லிவிட்டார்கள். மனிதர் என்ன செய்தார், தெரியுமா? ஏப்ரல் 3-ஆம் தேதி உட்கார்ந்து புதிதாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். ஏப்ரல் 7-ஆம் தேதி அந்தப் புதுக் கருவி தன்னுடைய நிரலைத் தானே பாதுகாக்கத் தொடங்கிவிட்டது! நான்கே நாள்! அதுதான் ‘கிட்’. ஆங்கிலேயர் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், தெரியுமா? சகிக்க முடியாத ஆள்! தன்னைத்தானே கிண்டல் செய்து வைத்த பெயராம்!

கிட்டின் மாயம் எங்கே இருக்கிறது? குழுவில் 500 பேர் இருந்தால் 500 பேரின் கணினியிலும் மொத்த வரலாறும் இருக்கும்! யார், எந்த வரியை, என்றைக்கு, எதற்காக மாற்றினார் என்பது உட்பட! நெட் இல்லாத ரயிலில்கூட வேலை நடக்கும், ஊர் வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 எழுத்தில் ஓர் அடையாளம். ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும்! திருட்டுத்தனமாகப் பழைய வரியைத் திருத்த வழியே இல்லை.

இன்னொரு வேடிக்கை! இவ்வளவு பெரிய லினக்ஸுக்குத் திருத்தங்களை எப்படி அனுப்புகிறார்கள், தெரியுமா? இன்றும் சாதாரண மின்னஞ்சலில்! ‘அவசரமாக ஒரு வீடியோ கால்’ என்று எழுப்புகிற மேலாளர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

தமிழர்கள் சும்மா இருந்தார்களா? 1998 பொங்கல் அன்று தொடங்கியது ‘மதுரைத் திட்டம்’. பெயரில்தான் மதுரை! தலைவர் கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில், துணைத்தலைவர் குமார் மல்லிகார்ச்சுனன் இருந்தது அமெரிக்காவில்! அலுவலகம் கிடையாது, சம்பளமும் கிடையாது! ஒருவர் தட்டச்சு செய்வார், கடல் தாண்டி இன்னொருவர் பிழை பார்ப்பார். சங்க இலக்கியம் இணையத்தில் ஏறியது இப்படித்தான்! அந்தக் காலத்தில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு, ஒருவர் அனுப்பியது மற்றவர் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதற்காகத் ‘தகுதரம்’ என்ற பொதுக் குறியீட்டை உண்டாக்கினார்கள். எங்கே கூடிப் பேசி? எங்குமே கூடவில்லை! பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி வாதாடியே வடிவம் கொடுத்தார்கள்! நம் ஆட்கள் எழுத்தில் சண்டை போட்டால் ஒரு பயன் உண்டு, எல்லாம் பதிவாகிவிடும்.

தென்காசி பக்கம் மத்தளம்பாறை தெரியுமா? மலையும் வயலுமான அந்த வட்டாரத்தில் உருவானதுதான் சோகோ நிறுவனத்தின் ‘டெஸ்க்’ மென்பொருள்! உலகின் பல மூலைகளிலும் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர் புகார்களை அதில் தீர்க்கின்றன!

தூரம் என்றால் எவ்வளவு தூரம்? கண்டம் விட்டுக் கண்டம் என்று நினைக்கிறீர்களா? எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1977-ல் எழுதிய புத்தகத்தைக் கேளுங்கள்! மேசைக்கு மேசை சுமார் 50 மீட்டர் தாண்டினாலே பொறியாளர்கள் வேலை விஷயம் பேசிக்கொள்வது சரிந்துவிடுகிறதாம்! ஒரே கட்டடம், ஒரே கேன்டீன், ஆனாலும் ‘ரிமோட்’!

இதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 பேர் குழுவில் ஆளுக்கு ஆள் பேச 10 வழிகள். 10 பேர் என்றால்? 45! 50 பேர் என்றால்? 1,225!

நேரக் கூத்து இன்னும் சுவாரசியம்! கலிஃபோர்னியாவில் காலை 9 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 9.30. குளிர்காலத்தில் 10.30! நாம் கடிகாரத்தைத் தொடவே இல்லை, ஆனால் தூக்கத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது! மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஐரோப்பா மாற்றும். அந்த இடைவெளியில் மூன்று கண்டக் கூட்டம் வைப்பவர் பாவம்! நமக்கும் இந்தக் குழப்பம் புதிதில்லை. 1906-க்கு முன் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால்! பொது நேரம் வந்த பிறகும் பம்பாய் தன் சொந்த நேரத்தை எதுவரை விடாமல் வைத்திருந்தது, தெரியுமா? 1955 வரை!

வீட்டிலிருந்து வேலை கொரோனாவில் பிறந்ததா? இல்லவே இல்லை! ‘டெலிகம்யூட்டிங்’ என்ற சொல்லை ஜாக் நில்லஸ் உருவாக்கியது 1973-ல்! ஆட்டோமாட்டிக் என்ற மென்பொருள் நிறுவனம் தன் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தை 2017-ல் மூடியது. ஏன்? வருகிறவர்கள் அவ்வளவு குறைவு! 2021-ல் பங்குச் சந்தைக்கு வந்த கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகமே இல்லை. விடுப்பு எடுப்பது போன்ற நடைமுறைகள் 2,000 பக்கத்துக்கு மேலான கையேட்டில். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்!

கடைசியாக மறுபடி தறிக்கே வருவோம். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு என மூன்று நாடா ஓடும். கூட ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் கை ஓடும். கிட்டிலும் தனித்தனியே வளர்ந்த நிரல் கிளைகளை ஒரே முடிச்சில் சேர்க்கலாம். இரண்டுக்கு மேல் சேர்த்தால் அதற்குப் பெயரே ‘ஆக்டோபஸ்’! 2014-ல் லினக்ஸ் நிரலாளர் ஒருவர் ஒரே முடிச்சில் எத்தனை கிளைகளைச் சேர்த்தார், தெரியுமா? 66! எட்டுக் கை ஆக்டோபஸ் எங்கே, இது எங்கே! பார்த்த டோர்வால்ட்ஸே மிரண்டுபோய், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்!