சந்தைக் கூட்டத்தைவிட ஜன்னல் மூடிய பஸ்ஸில் சளிக்காய்ச்சல் எளிதாகத் தொற்றுவது ஏன்?

குந்தாரப்பள்ளி வாரச்சந்தையில் ஆட்டை விலைபேசிவிட்டு, மழைக்கு ஜன்னலடைத்த பஸ்ஸில் ஏறுகிறீர்கள். ஆபத்து எங்கே அதிகம்? பஸ்ஸில்தான்.

கடைசி சீட்டில் ஒருவர் பீடி பற்றவைத்தால் டிரைவர்வரை நெடி போகுமல்லவா? மூச்சும் அப்படித்தான். இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் சட்டென்று தரையில் விழுந்துவிடும். பேச்சில்கூட வெளிவரும் நுண்துளிகளோ வைரஸைச் சுமந்து, புகைபோல நெடுநேரம் மிதக்கும்.

இதற்கோர் உதாரணம்: 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காகிட் பகுதியில் 61 பேர் ஒரு கூடத்தில் இரண்டரை மணிநேரம் சேர்ந்து பாடினார்கள். சளியோடு வந்தவர் ஒருவர். கோவிட் தொற்றியது 52 பேர்வரை!

சந்தையில் காற்று அந்த நுண்துளிகளைக் கலைத்துவிடும். பஸ்ஸில்? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஜன்னலை நாலு விரற்கடை திறங்கள். இருமுகிறவர் முகக்கவசம் போடட்டும். சாரலடித்தால், தோளில் துண்டு இருக்கிறதே!