87 வெற்றி, 108 தோல்வி

ஜிம் அபட்டைப் பற்றி இணையத்தில் உலவும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. 1993 செப்டம்பர் 4ஆம் தேதி, நியூயார்க்கின் யாங்கீ அரங்கம். வலது கை இல்லாமல் பிறந்த ஒருவர் பந்தெறிந்து, எதிரணியை ஒன்பது இன்னிங்சும் முடக்கிப்போடுகிறார். சக வீரர்கள் ஓடிவந்து கட்டிக்கொள்கின்றனர். பின்னணி இசை உயர்கிறது. அவ்வளவுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிப்பவள். ஒரு விளையாட்டாளரைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் அவருடைய முழு எண்ணிக்கைப் பட்டியலைத் தேடுவது என் வழக்கம். பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ‘பிட்ச்சர்’ எனப்படும் பந்தெறியாளர் ஒருவரின் பெயரில் எழுதப்படும். அபட் பெயரில் உள்ளவை 87 வெற்றி, 108 தோல்வி. காணொளி முடிந்த நாளுக்குப் பிறகும் 1999 வரை அவருடைய விளையாட்டு வாழ்க்கை நீண்டது. அந்த ஆண்டுகளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

முதலில் அவர் செய்த வேலை எவ்வளவு கடினமானது என்பதைச் சொல்ல வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் சாஃப்ட்பாலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு கையில் கையுறை, மறு கையால் எறிய வேண்டும். பந்தைப் பிடிப்பது ஒரு கை, எறிவது இன்னொரு கை. பிட்ச்சர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் இடம் 18.44 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து அரை விநாடிக்குள் அங்கே போய்விடும். மட்டையில் பட்டால் அதைவிட வேகமாகவும் திரும்பி வரலாம்.

அபட் கையுறையை வலது கையின் நுனியில் தொங்கவிட்டபடி, இடது கையால் பந்தை எறிவார். எறிந்த வேகம் அடங்குவதற்குள் இடது கை கையுறைக்குள் நுழைந்துவிடும். பந்து தன்னிடம் வந்தால் பிடித்து, கையுறையை வலது அக்குளில் இடுக்கி, இடது கையைப் பந்தோடு உருவி, மீண்டும் எறிவார். இதை எழுத எனக்கு மூன்று வாக்கியங்கள் தேவைப்பட்டன. களத்தில் பார்த்தால் அவர் கையுறையை மாற்றியதே பலருக்குத் தெரியாது. சிறுவயதில் வீட்டுச் சுவரில் ரப்பர் பந்தை எறிந்து எறிந்து பழகியது அது. பந்து வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகச் சுவரை நெருங்கி நெருங்கி நின்று பழகினாராம்.

அவர் 1967இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் பிறந்தார். கார் தொழிற்சாலைகளின் ஊர் அது. பெற்றோர் அப்போது பதின்ம வயதைத் தாண்டாதவர்கள். சிறுவயதில் கொக்கி வைத்த செயற்கைக் கை ஒன்று பொருத்தப்பட்டது. பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டார். பள்ளி ஆட்டங்களில் எதிரணியினர் அவரைச் சோதிப்பதற்காக ‘பன்ட்’ செய்வார்கள். அதாவது மட்டையை வீசாமல், பந்தை மெல்லத் தட்டி அவர் காலடியில் உருளவிடுவார்கள். ஓடிவந்து எடுத்து எறிய அவரால் முடியாது என்பது கணக்கு. ஒருமுறை முதல் ஆள் தப்பித்தார். தொடர்ந்து அதையே செய்து பார்த்தவர்களை அபட் வரிசையாக வெளியேற்றினார்.

அதன் பிறகு ஏறுமுகம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1987இல் அமெரிக்க அணிக்காக ஹவானாவில் கியூபாவைத் தோற்கடித்தார். கியூப அணியை அதன் சொந்த மண்ணில் அமெரிக்கா வென்று 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபிடல் காஸ்ட்ரோவே அவருடன் கைகுலுக்கினார். அதே ஆண்டு, அமெரிக்காவின் தலைசிறந்த தொழில்சாரா விளையாட்டாளருக்கான சல்லிவன் விருதும் கிடைத்தது. 1988 சோல் ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இறுதி ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக அபட் முழு ஆட்டத்தையும் எறிந்தார். அமெரிக்கா 5-3 என வென்றது. மறு ஆண்டே, கீழ்நிலைக் குழுக்களில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் நேராக கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் குழுவில் இறங்கி முதல் பருவத்திலேயே 12 வெற்றி.

1991தான் அவரது உச்சம். 18 வெற்றி, 11 தோல்வி. ஒன்பது இன்னிங்சுக்குச் சராசரியாக 2.89 ஓட்டங்களே விட்டுக்கொடுத்தார். லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு என்னைப் போன்ற எண் பைத்தியங்களுக்கு விருந்து. சராசரி இன்னும் குறைந்து 2.77 ஆனது. அதாவது இன்னும் நன்றாக எறிந்தார். ஆனால் கணக்கில் ஏறியவை 7 வெற்றி, 15 தோல்வி! அவர் ஓட்டங்களைத் தடுத்தாலும் அவருடைய அணியினர் ஓட்டம் எடுக்கவில்லை. வெற்றி தோல்வியை ஒருவர் பெயரில் எழுதும் வழக்கம் எவ்வளவு அநியாயமானது என்பதற்குப் பாடநூலில் சேர்க்க வேண்டிய எடுத்துக்காட்டு இது.

ஒப்பந்தப் பேச்சு ஒத்துவராத நிலையில் அவர் நியூயார்க் யாங்கீசுக்கு மாற்றப்பட்டார். அங்கேதான் அந்த 1993 செப்டம்பர் ஆட்டம். எதிரணி கிளீவ்லேண்ட். ஆறு நாள்களுக்கு முன்பு அதே கிளீவ்லேண்ட் அவரிடம் 7 ஓட்டங்கள் எடுத்திருந்தது. நான்கு இன்னிங்ஸ்கூட அவர் தாக்குப்பிடிக்கவில்லை. இம்முறை ஒருவராலும் ஒரு ‘ஹிட்’கூட அடிக்க முடியவில்லை. இதைத்தான் ‘நோ ஹிட்டர்’ என்கிறார்கள். அப்பழுக்கற்ற ஆட்டம் என்று சொல்ல முடியாது. குறி தவறிய பந்துகளால் ஐந்து பேரை இலவசமாக முதல் பேசுக்கு அனுப்பினார்.

கடைசி இன்னிங்சில் கிளீவ்லேண்டின் கென்னி லாஃப்டன் பன்ட் செய்ய முயன்றார். அரங்கமே அவரைக் கூச்சலிட்டுத் திட்டியது. நோ ஹிட்டரை அப்படிக் குறுக்கு வழியில் கெடுப்பது நாகரிகமில்லையாம். எனக்கென்னவோ லாஃப்டன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. வெல்ல வேண்டும் என்று ஆடுகிறவர், எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். அந்த முயற்சி பலிக்கவில்லை. கார்லோஸ் பயேர்கா அடித்துத் தரையில் உருண்ட பந்தோடு ஆட்டம் 4-0 என முடிந்தது.

என் வகுப்புத் தோழி ஒருத்தி சக்கர நாற்காலியில் வருபவள். சென்ற பருவத்தில் அவள் விளக்கக்காட்சி படைத்து முடித்ததும் இரண்டு மூன்று பேர் வந்து, “நீ எங்களுக்கெல்லாம் பெரிய ஊக்கம்” என்றார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பி, “ஏழாவது பக்கத்து வரைபடம் தப்பு. அத யாராச்சும் சொன்னாங்களா பாரு” என்றாள். அபட்டின் பட்டியலைப் படித்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது. 1993இல் படத்தை நிறுத்திவிடுகிறவர்கள் அவரைப் பாராட்டுகிறார்கள், சரி. ஆனால் ஒரு பிட்ச்சராக அவரை எடைபோடவே இல்லை.

எடைபோட்டால் 1996 வரும். மீண்டும் கலிஃபோர்னியா குழு. 2 வெற்றி, 18 தோல்வி, சராசரி 7.48. பந்தின் வேகம் குறைந்திருந்தது. முப்பதை நெருங்கும் எத்தனையோ பிட்ச்சர்களுக்கு நேர்வதுதான். இதற்கும் இல்லாத கைக்கும் தொடர்பில்லை. 1997 பருவம் தொடங்குமுன் குழு அவரை விடுவித்தது. அந்த ஆண்டு அவர் ஆடவே இல்லை. 1998இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அமைப்பில், இளம் வீரர்கள் தொடங்கும் கீழ்நிலைக் குழுவிலிருந்து புறப்பட்டார். ஒலிம்பிக் கண்டவர், நோ ஹிட்டர் எறிந்தவர், பத்தொன்பது இருபது வயதுப் பையன்களோடு ஆடினார். படிப்படியாக ஏறி செப்டம்பரில் மேல்நிலைக்குத் திரும்பி ஐந்து ஆட்டங்களில் எறிந்தார். ஐந்திலும் வெற்றி. என்னைக் கேட்டால் காணொளி எடுக்க வேண்டியது இந்த ஐந்து ஆட்டங்களைத்தான்.

இதற்கிடையே அவர் போன ஊர்களிலெல்லாம், கைகால் குறையோடு பிறந்த பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். ஆட்டத்திற்கு முன் அவர்களைச் சந்தித்துப் பேசுவார். கடிதம் எழுதியவர்களுக்குப் பதில் போடுவார்.

கடைசி ஆண்டு 1999, மில்வாக்கி புருவர்ஸ். 2 வெற்றி, 8 தோல்வி. அதுவரை அவர் ஆடிய லீக்கில் பிட்ச்சருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிப்பார். மில்வாக்கி இருந்த லீக்கில் அப்போது பிட்ச்சரும் அடிக்க வேண்டியிருந்தது. இடது கையால் மட்டையைப் பிடித்து, வலது கையின் நுனியால் அணைகொடுத்து, 21 முறை முயன்று 2 ஹிட் எடுத்தார். இரண்டும் சிகாகோ கப்ஸ் குழுவின் ஜான் லீபர் எறிந்த பந்துகள். அவற்றில் ஒன்றை லீபர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்திருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. லீபருக்கு வந்திருக்காது.