சோபாவில் தூங்கும் ஓட்டக்காரன்

அதிகம் குரைக்காது, சிறிய வீட்டிலும் அடங்கிக்கொள்ளும். ஆனால் விப்பெட் நாய் வாங்க நினைப்பவர்கள் வீட்டைவிட வாசலுக்கு வெளியே இருப்பதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

மணிக்கு சுமார் 56 கி.மீ. நகரச் சாலைகள் பலவற்றில் காருக்கே அனுமதிக்கப்படாத வேகம். விப்பெட் நாய், நின்ற இடத்திலிருந்து கிளம்பிச் சில விநாடிகளில் இந்த வேகத்தை எட்டிவிடும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை அதன் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். ஒரு முறை உடல் வில்லாக வளைந்திருக்கும், மறுமுறை அம்பாக நீண்டிருக்கும். ஓட்டம் முடிந்தால் அதே நாய் வீட்டுக்குள் வந்து சோபாவின் மூலையில் சுருண்டுகொள்ளும். அடுத்த வேளைச் சாப்பாடு வரை அதன் சத்தமே கேட்காது.

இந்த முரண்பாடுதான் நகரவாசிகளைக் கவர்கிறது. மும்பையிலோ பெங்களூரிலோ இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் குடும்பம் நாய் வளர்க்க ஆசைப்படுகிறது. லாப்ரடார் உண்டு கொழுத்துவிடுகிறது. ஹஸ்கிக்கு நம் வெயில் ஆகாது. பக் நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. அளவாகவும் அமைதியாகவும் இருக்கும் விப்பெட்தான் விடை என்று தோன்றுகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் அவதிப்படுவது நாய்தான். அதுவும் ஓரிரு மாதங்கள் அல்ல. விப்பெட்டின் ஆயுள் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள்.

தொழிலாளியின் பந்தயக் குதிரை

விப்பெட் அரண்மனையில் பிறந்த இனம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்தெடுத்த நாய் இது. பெரிய கிரேஹவுண்டை வைத்துத் தீனி போட அவர்களால் முடியாது. அதன் சிறிய வடிவம் போதுமானதாக இருந்தது. வார நாட்களில் முயல் பிடித்து அடுப்புக்கு உதவியது. விடுமுறை நாளில் பந்தயம் ஓடியது. ஓட்டப் பாதையின் மறுகோடியில் எஜமானர் நின்றுகொண்டு கந்தல் துணியை ஆட்டி அழைப்பார். நாய் சுமார் 200 கஜ தூரத்தைப் பாய்ந்து கடந்து துணியைக் கவ்வும். ஏழையின் பந்தயக் குதிரை என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1891ல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக அங்கீகரித்தது.

இந்த வரலாறு சொல்லும் விஷயங்கள் இரண்டு. சிறிய வீட்டில் மனிதர்களோடு நெருங்கி வாழ்வது இதற்குப் பழக்கம். அசையும் எதையும் துரத்துவது இதன் ரத்தத்தில் ஊறியது. முதல் குணத்துக்காக வாங்குபவர்கள் இரண்டாவது குணத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

வீட்டுக்குள்ளே

ஆண் விப்பெட் 47 முதல் 51 செ.மீ. உயரம் இருக்கும். பெண் சற்றுக் குறைவு. எடை பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ. குட்டையான மெல்லிய முடி என்பதால் சீவிச் சிங்காரிக்கும் வேலை இல்லை, நாற்றமும் குறைவு. காரணமின்றிக் குரைத்துப் பக்கத்து வீட்டாரின் பகையைச் சம்பாதித்துத் தராது. குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் மென்மையாகப் பழகும். ஆனால் தூங்கும்போது திடுக்கிட வைத்தால் மிரளும் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நம் நாட்டில் நாய் வாங்கப் பலர் சொல்லும் முதல் காரணம் காவல். அந்த எண்ணம் இருந்தால் விப்பெட்டை மறந்துவிடலாம். வாசலில் அந்நியர் வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் ரகம் இது.

தரையில் படுக்கவைக்கும் எண்ணமும் வேண்டாம். எலும்புக்கும் தோலுக்கும் இடையே கொழுப்பு மிகக் குறைவு. வெறும் மொசைக் தரையில் படுத்தால் முழங்கை தோல் காய்த்துப்போகும். மெத்தை போட்டாக வேண்டும். நீங்கள் போடாவிட்டால் அது உங்கள் கட்டிலில் இடம் பிடிக்கும். நாய் கட்டிலில் ஏறுவதை ஒப்புக்கொள்ளாத பெரியவர்கள் உள்ள வீட்டில் இதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

அதைவிட முக்கியமான கேள்வி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது. கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீடுகள் ஏராளம். விப்பெட் ஆள் துணையை நாடும் நாய். தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தனியே பூட்டிவைத்தால் ஊளையிடும், கதவைப் பிராண்டும், சோபாவைக் கிழிக்கும். இதைக் குறும்பு என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. அது தனிமையின் பயம். மதியம் வந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த நாய் பொருந்தாது.

வாசலுக்கு வெளியே

உண்மையான சோதனை இங்கேதான். விப்பெட் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். மோப்பம் அதற்கு இரண்டாம்பட்சம். தொலைவில் ஓர் அணிலோ பூனையோ அசைந்தால் போதும், கிளம்பிவிடும். அந்த நேரத்தில் எஜமானரின் குரல் காதில் ஏறாது. எவ்வளவு பழக்கினாலும் இதை முழுமையாக மாற்ற முடியாது. சாலையில் வரும் ஆட்டோவும் பேருந்தும் அதன் கண்ணில் படாது. ஒரே ஒரு தடவை வாரை அவிழ்த்துவிட்டாலும் உயிருக்கு ஆபத்து.

எனவே வெளியே வந்தால் எப்போதும் வார் கட்டியே இருக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விப்பெட்டின் தலை கழுத்தைப் போலவே ஒடுங்கியது. சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்னுக்கு இழுத்து எளிதாக உருவிக்கொள்ளும். இழுத்தால் அளவாக இறுகும் அகலமான பட்டையோ, மார்போடு சேர்த்துக் கட்டும் வாரோ தேவை. இழுக்க இழுக்க நீளும் சுருள் வார் கூடாது. எட்டு மீட்டர் ஓடி முழு வேகம் எடுத்த நாய் சட்டென நிறுத்தப்பட்டால் அதன் கழுத்துக்கும் கேடு, உங்கள் தோளுக்கும் கேடு.

தினமும் ஒரு மணி நேர நடை இதற்குப் போதும். ஆனால் நடை மட்டும் போதாது. வாரத்தில் சில நாட்களாவது கட்டில்லாமல் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதற்குச் சுற்றிலும் வேலியுள்ள, தெருநாய்கள் நுழையாத இடம் வேண்டும். நம் நகரங்களில் அரிதான பொருள் இதுதான். பூங்காக்கள் பலவற்றில் நாய்க்கு அனுமதி கிடையாது. விளையாட்டு மைதானத்தில் கிரிக்கெட். ஓடும் நாயைக் கண்டால் தெருநாய்க் கூட்டம் துரத்தும், மெல்லிய தோல் ஒரே கடியில் கிழியும். கல்லூரி வளாகம், பண்ணை, நண்பரின் சுற்றுச்சுவர் கட்டிய மனை என்று ஏதாவது ஓர் இடம் உறுதியாகக் கிடைக்கும் என்றால் மட்டுமே மேற்கொண்டு யோசிக்கலாம்.

அடுக்குமாடிச் சங்கம் எதிர்க்குமே என்ற கவலை பலருக்கு உண்டு. வளர்ப்பு நாய்களுக்குச் சங்கங்கள் தடை விதிக்கக்கூடாது, லிஃப்டில் ஏற்ற மறுக்கக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது உரிமையைச் சொல்கிறது. பொது இடத்தில் வாரோடு அழைத்துச் செல்வதும் அசுத்தத்தை அகற்றுவதும் வளர்ப்பவரின் கடமை.

வெயில், குளிர், மருத்துவர்

அடர்ந்த முடி கொண்ட நாய்களைவிட விப்பெட் வெயிலைச் சமாளிக்கும் என்பது சரி. ஆனால் வெயிலில் பாய்ந்து ஓடினால் உடல் சூடேறி உயிருக்கே உலை வைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டமும் நடையும் விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும்தான். தார்ச் சாலையில் உங்கள் புறங்கையைச் சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. தில்லி, லக்னோ பக்கம் ஜனவரிக் குளிருக்குக் கம்பளிச் சட்டை ஆடம்பரம் அல்ல, அவசியம்.

கால்நடை மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டியவை இரண்டு. கொழுப்பு குறைந்த உடல் என்பதால் தயோபென்டல் போன்ற சில மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களுக்கு எளிதில் தெளியாது. கருத்தடை அறுவைக்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். அடுத்தது ரத்தப் பரிசோதனை. கிரேஹவுண்ட் குடும்ப நாய்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் இயல்பிலேயே குறைவாக இருக்கலாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதற்கும் தட்டணு குறைவதே முக்கிய அடையாளம். நாய் நலமாக இருக்கும்போதே ஒரு முறை பரிசோதித்து எண்ணிக்கையைக் குறித்துவைத்தால் பின்னால் குழப்பம் வராது.

முதோல் வேறு, விப்பெட் வேறு

விப்பெட் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் அதே சாயலில் உள்ள நாட்டு நாய் போதுமே என்று சிலர் கர்நாடகத்தின் முதோல் நாயைத் தேடுகிறார்கள். பாகல்கோட் மாவட்டத்து முதோலுக்கு 2005ல் அஞ்சல் தலை வெளியானது. 2016ல் ராணுவம் மீரட்டில் அதற்குப் பயிற்சி தொடங்கியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் முதோல், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைக் குறிப்பிட்டார். நாட்டு நாய்களுக்கு மவுசு கூடியது.

பெருமை நியாயமானதே. ஆனால் படத்தில் ஒன்றுபோல் தெரிவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆண் முதோல் சுமார் 70 செ.மீ. உயரம், எடை விப்பெட்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. தக்காணத்தின் திறந்த வெளியில் நாள் முழுக்க அலைந்து வேட்டையாடப் பழகிய உடல் அது. வீட்டாரிடம் உயிரையே வைத்திருக்கும், அந்நியர் தொடுவதை விரும்பாது. தோட்டம் துரவு உள்ளவர்களுக்கு விப்பெட்டைவிட முதோல் பொருத்தம், காவலும் காக்கும். ஐந்தாவது மாடி வீட்டில், லிஃப்டில் புதுப்புது முகங்களுக்கு நடுவே வாழச் சொன்னால் அது தவித்துப்போகும். குட்டிப் பருவத்தில் வித்தியாசம் சட்டெனத் தெரியாது. எனவே தாய் நாயை நேரில் பார்க்காமல் குட்டி வாங்கக்கூடாது.

2017ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். காட்ட மறுப்பவரிடம் வாங்கவும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை குறையாதவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. குட்டிக்கு முன்பணம் கொடுக்குமுன், ஒரு மாதம் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நடந்துவிட்டு வாருங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் இன்னொரு அரை மணி. மழை, தலைவலி, விருந்தாளி, அலுவலகத்தில் கடைசி நேர வேலை என எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. வழியில் வேலியுள்ள ஓர் இடத்தையும் தேடிக் கண்டுபிடியுங்கள். மாதக் கடைசியில் நீங்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தால் குட்டியைப் பார்க்கப் போகலாம். பத்தாம் நாளே நின்றுவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரு நாய் பிழைத்தது.