குழந்தையும் இரத்தச் சோகையும்

பாக் நீரிணையின் கரையில் உள்ள மீன்பிடி ஊர் கோட்டைப்பட்டினம். மீன் கரையேறும் ஊரிலும் குழந்தைகளுக்கு இரத்தச் சோகை உண்டாகுமோ என்று மாணவ நேயர்கள் ஐயுறலாம். உண்டாகும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேருக்கு இக்குறை இருந்தது.

இரத்தத்திற்குச் செந்நிறம் தருவதும் உயிர்வளியைச் சுமப்பதும் ஹீமோகுளோபின். அது உண்டாக இரும்புச் சத்து வேண்டும். கருவிலே தாயிடமிருந்து பெற்ற இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தாய் சோகையுற்றிருந்தால் அச்சேமிப்பும் குறைவே. அதன்பின் அரிசிக் கஞ்சியும் பசும்பாலும் மட்டுமே ஊட்டினால் குறை வளர்கிறது. தேநீரோ இரும்பை உடல் ஏற்காதவாறு தடுக்கிறது. கொக்கிப்புழு, அசுத்த மண்ணில் நடக்கும் வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது.

ஆகவே, கரையில் மீன் இருந்தால் போதாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, முள் நீக்கி மசித்த மீனும் கீரையும் ஊட்டப்பெற வேண்டும். மீனின் இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. கீரையின் இரும்பையும் ஏற்கத் துணை செய்கிறது மீன். எலுமிச்சைச் சாறும் அவ்வாறே உதவும்.

மூளை விரைந்து வளரும் பருவம் இது. இப்பொழுது குன்றிய கற்கும் திறனைப் பின்னர் முழுதும் மீட்டல் அரிது. உங்கள் தம்பி தங்கையரின் கீழிமை உட்புறம் வெளுத்திருக்கக் கண்டால், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.