பனிச்சறுக்குக்கு ஏன் மெல்லிய சாக்ஸ்?

குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க்குக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் முதலில் எடுத்து வைப்பது தடிமனான கம்பளி சாக்ஸாகத்தான் இருக்கும். குளிர் தாங்காது என்று பயந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி. ஊர் சுற்றிப் பார்க்க அது போதும். பனிச்சறுக்கு ஆடலாம் என்று வாடகைக் கடைக்குப் போய், அதே இரண்டு ஜோடி சாக்ஸோடு ஸ்கீ பூட்ஸுக்குள் காலைத் திணித்தால், சற்று நேரத்திலேயே விரல்கள் மரத்துப் போகும். பக்கத்தில் சர்ரென்று சறுக்கிப் போகும் அனுபவசாலியோ ஒரே ஒரு ஜோடி மெல்லிய சாக்ஸ்தான் போட்டிருப்பார். அவர் கால் குளிராது.

இதைப் புரிந்துகொள்ள அந்த பூட்ஸைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கீ பூட்ஸுக்கு இரண்டு பாகங்கள். வெளியே ‘ஷெல்’ எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. உள்ளே ‘லைனர்’ எனப்படும், தனியே கழற்றி எடுக்கக்கூடிய மெத்தை. முன்புறம் பெரும்பாலும் நான்கு கொக்கிகள், மேலே முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்ட ஒரு பட்டை. 1950களில் ஸ்கீ பூட்ஸ் தோலில்தான் தைக்கப்பட்டன. தோல் ஈரம் பட்டால் இளகும். நாளாக ஆகத் தளரும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த பாப் லாங்கே 1960களில் பிளாஸ்டிக் பூட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அடுத்த பத்தாண்டுக்குள் தோல் பூட்ஸ் ஓரங்கட்டப்பட்டது. தோல் காலணிக்குப் பேர்போன இத்தாலியின் மொன்டெபெல்லூனா நகரத்துப் பட்டறைகளும் பிளாஸ்டிக்குக்கு மாறின.

பிளாஸ்டிக்கால் என்ன லாபம்? சறுக்குபவர் திரும்ப நினைக்கும்போது ஸ்கீ பலகையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். பலகையின் இரும்பு விளிம்பு பனியைக் கடிக்கிறது, பாதை வளைகிறது. அந்தச் சாய்வு முழங்காலிலும் பாதத்திலும் தொடங்கி, பூட்ஸ் வழியாகத்தான் பலகைக்குப் போய்ச் சேர வேண்டும். உள்ளே கால் ஆடினால் கட்டளை தாமதமாகும். கெட்டியான ஷெல் அந்தத் தாமதத்தைக் குறைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: தோலைப் போல அது காலுக்கேற்ப விரிந்து கொடுக்காது. உள்ளே இருக்கும் இடம் அளந்து வைத்தது. சாக்ஸ் தடிமனாக ஆக, அந்த இடம் காலிடமிருந்துதான் பறிபோகும்.

இங்கேதான் குளிர் உள்ளே நுழைகிறது. கம்பளி நம்மைக் காப்பது, தன் இழைகளுக்கு இடையே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றால். காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. தடித்த சாக்ஸை இறுகிய ஷெல்லுக்குள் அமுக்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். லைனரின் மெத்தையும் நசுங்கும். அதைவிடப் பெரிய கேடு இரத்த ஓட்டத்துக்கு. காலணியைக் கழற்றிவிட்டுப் பாதத்தின் மேற்புறத்தில், நடு மேட்டின் மேல் இரண்டு விரல்களை லேசாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அங்கே நாடி துடிப்பது தெரியும். விரல்களுக்கு இரத்தம் கொண்டு போகும் தமனிகளில் ஒன்று அங்கே தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிறது. ஸ்கீ பூட்ஸின் கொக்கி அழுத்துவதும் அதே இடத்தில்தான்.

பாதத்தில் பெரிய தசைகள் இல்லை. அதனால் அது சொந்தமாக உண்டாக்கும் வெப்பமும் குறைவு. சூடான இரத்தம் வந்தால்தான் விரலுக்குச் சூடு. கூடுதல் சாக்ஸ் போட்டு, கொக்கியையும் இழுத்துப் பூட்டினால், குளிரைத் தடுக்கப் போய் அந்த இரத்தத்தின் வரவையே அடைத்துவிடுகிறோம். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தாலும் இதே கதைதான்: இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடல் கைகால்களுக்கான இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். கால் குளிர்கிறவர் தன் தொப்பியையும் மேல்சட்டையையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அப்படியானால் சாக்ஸுக்கு என்ன வேலை? வியர்வையைச் சமாளிப்பது. பனியிலும் கால் வியர்க்கும். இரண்டு பாதங்களிலுமாகச் சுமார் 2.5 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் ஷெல் வழியாக ஆவி வெளியேற வழியில்லை. நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆக, நனைந்த சாக்ஸ் காலின் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளும்.

பருத்தி இதில் தோற்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அருமையான துணி. ஆனால் வியர்வையை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஈரமாகத் தோலோடு ஒட்டும். மெரினோ ஆட்டுக் கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆவியை உள்வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். இழை மெல்லியது என்பதால் சாதாரணக் கம்பளியைப் போல் குத்தாது. கம்பளி மட்டும் என்றால் சீக்கிரம் தேயும். ஆகவே நைலானும் ஸ்பான்டெக்ஸும் சேர்த்துப் பின்னுகிறார்கள்.

சாக்ஸ் பூட்ஸின் விளிம்பைத் தாண்டி முழங்காலுக்குக் கீழ்வரை வர வேண்டும். சுருக்கம் கூடாது. வெளியே பொருட்படுத்தாத ஒரு சின்ன மடிப்பு, ஷெல்லுக்குள் நாள் முழுக்க எலும்பில் உரசிப் புண்ணாக்கும். குளிருக்காக உள்ளே அணியும் நீளக் கால்சட்டையின் நுனியையும் பூட்ஸுக்குள் செருகக் கூடாது. உள்ளே சாக்ஸ் மட்டும்தான் இருக்க வேண்டும். காலையில் அறையில் போட்ட சாக்ஸோடு வண்டியில் வந்தால் சரிவை அடையும் முன்பே அது வியர்வையில் நனைந்திருக்கும். பூட்ஸ் மாட்டும் இடத்தில் உலர்ந்த ஜோடிக்கு மாறுங்கள்.

இனி அளவு. செருப்புக் கடையின் 8, 9 இங்கே செல்லாது. ஸ்கீ பூட்ஸ் ‘மான்டோபாயின்ட்’ முறையில் அளக்கப்படுகிறது. குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று பெருவிரல் நுனிவரை அளந்தால் வரும் சென்டிமீட்டர்தான் உங்கள் எண். 26.5 செ.மீ. பாதத்துக்கு 26.5. பெரும்பாலான பூட்ஸில் 26-க்கும் 26.5-க்கும் ஷெல் ஒன்றேதான். அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள்: 98 என்றால் ஒடுக்கம், 102 என்றால் விசாலம். ‘ஃப்ளெக்ஸ்’ என்ற எண் பூட்ஸ் முன்னால் வளைய எவ்வளவு மறுக்கும் என்பதைச் சொல்லும். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 100 ஆக இருக்க வேண்டியதில்லை.

எண்ணைவிட நம்பகமானது ஷெல் சோதனை. லைனரை உருவி எடுத்துவிட்டு வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்சுவரைத் தொடும்வரை நகர்த்த வேண்டும். பிறகு குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். பொழுதுபோக்குக்குச் சறுக்குபவருக்கு 1.5 முதல் 2 செ.மீ. சரி. பந்தய வீரர்கள் இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வார்கள். மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் அது உங்கள் பூட்ஸ் இல்லை.

லைனரோடு மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்னால் இடிக்கும். ‘சின்னதாக இருக்கிறது, பெரிசு கொடுங்கள்’ என்று கேட்கத் தோன்றும் இடம் இதுதான். பொறுங்கள். கொக்கிகளைப் பூட்டி, முழங்காலை முன்னால் மடக்கி, முன்னங்காலைப் பூட்ஸின் நாக்கில் அழுத்துங்கள். குதிகால் பின்னால் போய் உட்காரும், விரல்கள் விடுபடும். சறுக்கும்போது நிற்கும் நிலை அதுதான். பெரிய பூட்ஸில் குதிகால் எழும்பும், கால் முன்னால் வழுக்கி விரல் இடித்து நகம் கறுக்கும். காலின் ஆட்டத்தை நிறுத்தக் கொக்கியை இன்னும் இறுக்குவோம், இரத்தம் நிற்கும், கால் குளிரும். புது லைனர் பழகப் பழக அமுங்கி இடம் கொடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எலும்பு புடைத்த இடத்தில் மட்டும் வலித்தால், தேர்ந்த கடைக்காரர் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளிக் கொடுப்பார்.

வாடகை பூட்ஸ் எடுப்பவர்கள், கூச்சப்படாமல் இரண்டு மூன்று ஜோடி கேட்டு வாங்கிப் பத்து நிமிடமாவது மாட்டி நின்று பாருங்கள். லிஃப்ட்டில் மேலே போகும்போது கொக்கிகளைத் தளர்த்தி விரல்களை அசையுங்கள். மரத்துப் போனால் சகித்துக்கொண்டு ஆடாதீர்கள். தோல் வெளுத்து உணர்ச்சி இல்லாமல் போனால் உறைபனிக் காயத்தின் தொடக்கமாக இருக்கலாம், உடனே உள்ளே வாருங்கள். இந்த விளையாட்டைத் தொடர்ந்து ஆட முடிவு செய்தால், பலகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முதல் பணத்தைப் பொருத்தமான பூட்ஸில் போடுங்கள். அதோடு இரண்டு ஜோடி மெல்லிய மெரினோ சாக்ஸ் வாங்குங்கள். ஒரு நேரத்துக்கு ஒன்றை மட்டும் போடுங்கள்.