ஒத்தியக்கமும் இலங்கையின் மின்வலைப்பின்னலும்

2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. கொழும்புக்குத் தெற்கேயுள்ள பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டதே காரணமெனக் கூறப்பட்டது. ஓரிடத்துச் சிறு விபத்து நாடு முழுவதையும் செயலிழக்கச் செய்தது எங்ஙனம் என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

ஒரே மரச்சட்டத்தில் தொங்கிய இரு ஊசற் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் தாமாகவே ஒத்தியங்குவதை 1665இல் ஹைகன்ஸ் கண்டார். சட்டத்தினூடே சென்ற நுண்ணிய அதிர்வே அவற்றைப் பிணைத்தது. இத்தகைய பல அலையங்களின் கூட்டியக்கத்திற்கு 1975இல் குராமோட்டோ கணித வடிவம் தந்தார். பிணைப்பு குறித்தவோர் எல்லையைத் தாண்டும்வரை ஒவ்வோர் அலையமும் தன் போக்கிலேயே செல்லும். தாண்டியதும், தம்முள் அதிகம் வேறுபடாதவை முதலில் ஒன்றுசேர, ஏனையவை விலகி நிற்கும். இதுவே பகுதி ஒத்தியக்கமாகும்.

மின்வலைப்பின்னலும் இவ்வகையினதே. கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டிற்கு வரும் மின்னோட்டமும் நுரைச்சோலையின் பிறப்பாக்கிகள் தரும் மின்னோட்டமும் செக்கனுக்கு 50 என்ற ஒரே மீடிறனுடையவை. கனத்த சுழலிகளின் சடத்துவமே இம்மீடிறன் திடீரென வீழாது தாங்குகிறது. ஆனால் விடுமுறை நாளின் நண்பகலில் தேவை குறைவு. அதன் பெரும்பகுதியைச் சூரியப்படலங்களே வழங்கிவிடும். அவற்றிற் சுழலும் பாகமில்லை, ஆதலாற் சடத்துவமுமில்லை. அன்று மீடிறன் விரைந்து வீழ, பாதுகாப்புக் கருவிகள் நிலையங்களைத் துண்டித்தன. நுரைச்சோலையின் 300 மெகாவாற்று அலகுகள் மூன்றும் நின்றன. அடுத்த இரு நாள்களும் மக்கள் சுழற்சிமுறை மின்வெட்டை அனுபவித்தனர்.

2013 டிசம்பர் 31இல் தென்னிந்திய வலைப்பின்னல் ஏனைய இந்திய வலைப்பின்னலுடன் ஒத்தியக்கத்தில் இணைந்தது. தமிழ்நாட்டில் ஒரு நிலையம் நின்றால் அதிர்ச்சியைப் பகிரத் தொலைவிலுள்ள சுழலிகளும் உள. தனித்த தீவாகிய நமக்கு அவ்வாய்ப்பில்லை.

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைப்படலங்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டனர். இது தற்காலிகப் பரிகாரமே. மின்கல வங்கிகளும், மீடிறனைத் தாமே நிலைநிறுத்தும் மின்மாற்றுக் கருவிகளும், சுமையின்றிச் சுழன்று சடத்துவந் தரும் பொறிகளும் இன்று உள்ளன. அவற்றிற்கான பொதுமுதலீட்டைத் தாமதித்துவிட்டுக் குரங்கின் மீதோ கூரையில் முதலிட்ட குடும்பத்தின் மீதோ பழிசுமத்துதல் அறிவியலுக்கும் நீதிக்கும் பொருந்தாது என்பதே எமது துணிபு.