வேலிக்கு வெளியே ஒரு வீடு

தந்தைக்கு மாற்றல் வந்தால் பள்ளியையும் தோழியரையும் பிரியும் துயரம் நம்மில் சிலர் அறிந்ததே. கடல் கடந்து செல்ல நேர்ந்தால்? ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்திற்கு மாற்றலாகும் அமெரிக்கப் படைவீரர் குடும்பங்களின் நிலை இதுவே. பெரும்பாலும் மூன்றாண்டுகள் அங்கே வாழ வேண்டும்.

தளத்தின் வேலிக்குள் ஆங்கிலப் பள்ளியும் அமெரிக்கக் கடையும் உண்டு. வெளியே வாடகைக்குக் குடியேறுவோருக்கோ எல்லாமே புதிது. ஊரிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் சாதனத்தை அங்குள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே பொருத்தினால் கருகிவிடும். மின்மாற்றி வைத்தாலும், பழைய மின்கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, ஜெர்மனியில் 50 சுற்று. மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே மாற்றும்.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறவா. குடியிருப்புகளில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. குப்பையைத் தாள், கண்ணாடி, பிளாஸ்டிக் எனப் பிரிக்க வேண்டும். காலிப் பிளாஸ்டிக் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால், முன்பணமாகச் செலுத்திய 25 சென்ட் கிடைக்கும்.

வேலிக்குள்ளேயே இருந்துவிட்டால் மூன்றாண்டும் விருந்தாளிதான். அடுத்த வீட்டாருக்கு "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் கூறி, அவர்கள் வழக்கத்தைக் கேட்டறிந்து நடப்பவர்களுக்கே அவ்வூர் சொந்தமாகிறது.

நம் வகுப்பில் புதிதாகச் சேரும் மாணவியும் இப்படித்தான் தயங்கி நிற்கிறாள். முதல் வார்த்தை நம்முடையதாக இருக்கட்டும்!